உர மூட்டை

— அந்த ஆள உர மூட்டைன்னு சொன்னது நீங்கதானே தம்பி?

— நானேதான் அக்கா! சிறில், கேட்டியாடா? தோட்டத்து அக்காமாரு கூட நம்ம சேனலப் பாக்குறாங்க. உள்ளுக்கு வாங்க அக்கா, சாரல் அடிக்குது. போன் ரிப்பேரா?

— ரிப்பேர் இல்லீங்க. மதுரன்னு ஒரு தம்பி அட்டன் டவுன்ல போன் கடை வச்சிருக்கு, படம் பாத்து விமர்சனம் சொல்லுதுன்னாங்க. விசாரிச்சுக்கிட்டு வந்தேன்.

— மதுரன் நான்தான். இவன் சிறில். நான் பேசுவேன், அவன் எடுப்பான். "நூறாவது அடி" விமர்சனத்த மட்டும் எண்பதாயிரம் பேரு பாத்திருக்காங்க அக்கா. இந்தியாவுல இருந்தெல்லாம் கமெண்ட்டு. ஒங்களுக்கு எந்த எடம் பிடிச்சுச்சு?

— அந்த விழுற எடம். அதப் பத்திச் சொன்னீங்கல்ல, அத இன்னொருக்கா சொல்லுங்களேன்.

— ஓ, அதுவா! படம் பூரா எலும்பு ஒடையிற சத்தந்தான் அக்கா. கதைய பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிறலாம். மாஸ்டரக் கொன்னுட்டானுங்க, சிஷ்யன் நூறு பேர வெறுங்கையால கொல்றான். முடிஞ்சுது. ஆனா அடி ஒண்ணொண்ணும் நெசம். ஒருத்தன் கழுத்தத் திருப்புறப்ப தியேட்டர்ல எனக்கே கழுத்து வலிச்சுச்சு. அப்படியே கொதிச்சுக்கிட்டுப் போகுதா, அருவி ஃபைட் வருது. ஹீரோ நெஞ்சுல ஒரு ஒத விடுறான். பாறை மேல இருந்து ஒருத்தன் விழுறான் பாருங்க...

— ம்.

— கத்தல. கை கால் ஆட்டல. லொறியில இருந்து உர மூட்டையத் தள்ளுன மாதிரி தொப்புன்னு! "இந்த அண்ணன நடிக்கக் கூப்புட்டதுக்கு ஒரு உர மூட்டைய வாங்கியிருந்தா தேயிலைக்காவது போட்டிருக்கலாம்"னு சொன்னேன். அந்த எடத்துல சிறில் மூட்ட விழுற சத்தம் ஒண்ணு சேத்தான். அதத்தான் இப்ப எல்லாரும் வெட்டி வெட்டிப் போடுறாங்க. செம சிரிப்பு, இல்லையா அக்கா?

— அது என் வீட்டுக்காரரு.

— எது?

— விழுற ஆளு.

— சும்மா சொல்லாதீங்க.

— பேரு அழகன். கராத்தே மாஸ்டர். நல்லதண்ணி ரோட்டுல எங்க தோட்டம். கைப்புள்ளைகள விட்டுட்டுப் போற புள்ளமடுவத்துக்குப் பின்னால தகரக் கொட்டாயில சனி ஞாயிறு நாப்பது புள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்தவரு. நான் பிரேமினி. மலையில கொழுந்து எடுக்குறேன்.

— மாதாவே! மதுரன், எனக்கு அவரத் தெரியும்டா. நான் எட்டாம் வகுப்புப் படிக்கிறப்ப எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து கையால ஓடு ஒடச்சுக் காட்டுனாரு. கைக்கு முத்தம் குடுத்துட்டுத்தான் ஒடைப்பாரு.

— அவருதாங்க, சிறில் தம்பி. அந்தக் கை இப்ப தூக்குறதுக்கு இல்ல.

— என்னக்கா ஆச்சு?

— போன வருசம் அந்தப் படத்துக்காரங்க வந்து அருவியில எடுத்தாங்கல்ல. அடி வாங்குறதுக்கு இங்கத்த கராத்தேக்காரங்க பன்னெண்டு பேரத் தேடிப் புடிச்சாங்க. இவரு ரெண்டு நாளு அடி வாங்கிட்டு வந்தாரு. ஒடம்பு பூரா நீலம். அப்புறம் பாறையில இருந்து விழ ஒரு ஆளு வேணும்னாங்க. கயிறு கட்டித்தான். மொதத் தடவ நல்லா விழுந்திருக்காரு. வேகம் பத்தாதுன்னு திரும்ப ஏத்தியிருக்காங்க. ரெண்டாவது தடவ கயிறு முறுக்கிக்கிட்டு அவரச் சொழட்டிப் பாறையில அடிச்சிருச்சு. முதுகுத்தண்டு. ஆஸ்பத்திரியில மூணு மாசம் கெடந்தாரு. அப்புறம் வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டோம்.

— நடக்க மாட்டாரா?

— நடக்குறதா? சோத்துக் கையில ஒரு வெரல் அசையுது தம்பி. ஒரே ஒரு வெரலு. போனத் தலமாட்டுல கட்டித் தொங்க விட்டிருக்கேன். அந்த வெரலாலதான் ஒங்க வீடியோவத் தட்டித் தட்டிப் பாக்குறாரு.

— அக்கா, எனக்கு எப்படித் தெரியும்? நான் படத்தத்தானே சொன்னேன். ஆள சொல்லலையே.

— சண்டைக்கு வரல தம்பி. நீங்க சொன்னப்புறம் எங்க லயத்து வீடுகள்ல நடந்தத மட்டும் கேட்டுக்குங்க. படம் வர்றதுக்கு மின்னாடி ஊரே எங்க காம்பராவுக்கு வந்துச்சு. மாஸ்டர் இந்தியாப் படத்துல வர்றாருன்னு கட்டிலச் சுத்தி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. ஒங்க வீடியோ வந்துச்சு. மறுநாளு காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போறேன், ஒருத்தி கேக்குறா, "என்ன பிரேமினி, மூட்டைய வெயில்ல காய வச்சிட்டு வந்தியா?"ன்னு. எல்லாம் சிரிக்கிறாளுக. சாயங்காலம் புள்ளைக ஜன்னல்ல ஏறி நின்னு, "மூட்ட, மூட்ட, எந்திரி மூட்ட"ன்னு கத்துதுக. அவரு கையப் புடிச்சு ஒதைக்கச் சொல்லிக்குடுத்த புள்ளைக. ஒண்ணு கல்ல எடுத்து நெஞ்சுல போட்டுப் பாத்துச்சு, அசையுதான்னு.

— அவரு என்ன சொன்னாரு?

— மொகத்தச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. மூணு நாளாச்சு, ஒரு வாய் சோறு எறங்கல. ஊட்டுனா துப்புறாரு.

— சரி, இப்ப நான் என்ன பண்ணணும்ங்கிறீங்க?

— இன்னொரு வீடியோ போடுங்க. அந்த ஆளு விழுந்தது நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.

— அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிக்காதீங்க. எண்பதாயிரம் பேரு என்னைய நம்பிப் பாக்குறாங்க. நேத்து மூட்டைன்னு சொன்னவன் இன்னைக்கு சூப்பர்னு சொன்னா, அவனுங்க என்னைய மூட்டைன்னு சொல்லுவானுங்க.

— டேய், அவங்க என்ன நெலமையில வந்திருக்காங்க, நீ என்னடா பேசுற?

— நீ சும்மா இரு சிறில். அக்கா, நான் முடியாதுன்னு சொல்லல. சும்மா சொன்னா எடுபடாது. ஆளக் காட்டிச் சொன்னா எடுபடும். நாளைக்கு நாங்க ஒங்க லயத்துக்கு வர்றோம். அவரு படுத்திருக்கிறத எடுக்குறோம். முதுகுல புண்ணு இருக்கா?

— இருக்கு.

— பெருசா?

— உள்ளங்கை போகும்.

— அதக் காட்டணும். பயப்படாதீங்க, கொஞ்சம் மறைச்சுத்தான் போடுவோம். நீங்க கழுவுற மாதிரி ஒரு ஷாட். அப்ப நீங்க எதாச்சும் பேசணும். இப்ப புள்ளைக கல்லு போட்ட கத சொன்னீங்கல்ல, அது நல்லா இருந்துச்சு. அத அப்படியே சொல்லுங்க. அழுக வந்தா அடக்காதீங்க.

— அவருக்குப் புடிக்காது தம்பி. சட்ட இல்லாம யாரும் பாத்தா கண்ண மூடிக்குவாரு.

— அப்ப விடுங்க. மூட்ட மூட்டையாவே இருக்கட்டும்.

— இருங்க, இருங்க. காட்டுறேன். நான் அவர்கிட்டச் சொல்லி ஒத்துக்க வைக்கிறேன்.

— அப்படி வாங்க! சிறில், அந்த விழுற சீனப் போடு. விழுறப்ப மொகம் தெரியிற மாதிரி ஒரு படம் நிறுத்தி எடுத்துக்க. பக்கத்துல கட்டில்ல கெடக்குற மொகம். "அன்றும் இன்றும்". கண்ணீரா ஊத்திருவானுங்க. என்னடா முழிக்கிற?

— மொகம் இல்லடா.

— தண்ணி மறைச்சிருக்கும். முன்னுக்குத் தள்ளு.

— மறைக்கல. மொகம்னு ஒண்ணும் இல்ல. நீயே பாரு. முடி இருக்கு, முடிக்குக் கீழ தோல் கலர்ல துணி.

— மெதுவா விடு. இன்னும் மெதுவா. நிறுத்து! கையப் பாரு... வெரல் பிரியல. ஒட்டிக்கிட்டு இருக்கு, கையொற மாதிரி. அட, முழங்காலு முன்னுக்கு மடியுதுடா!

— மதுரன், வேணாம். மூடிரு. அக்கா நிக்கிறாங்க.

— எதுக்கு மூடணும்? பொம்மைடா அது! நான் சொன்னது நூத்துக்கு நூறு சரி! உர மூட்டைன்னு சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன், உள்ளுக்கு நெசமாவே பஞ்சு மூட்ட! அக்கா, இங்க வாங்க. கிட்ட வந்து பாருங்க. இதுவா ஒங்க வீட்டுக்காரரு? இதுக்கா நீங்க மழையில நனைஞ்சு வந்தீங்க? அவரு முதுகொடஞ்சது ஒடஞ்சதுதான், படத்துல அவரு இல்லவே இல்ல. அவர எடுத்ததத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு பொம்மையத் தள்ளியிருக்கானுங்க.

— தெரியும் தம்பி.

— என்ன தெரியும்?

— மொத நாளு தியேட்டர்லயே தெரியும். அவரு புள்ளைகளுக்கு மொதல்ல ஒதைக்கச் சொல்லிக்குடுக்க மாட்டாரு, விழத்தான் சொல்லிக்குடுப்பாரு. கைய விரிச்சு நெலத்துல படார்னு தட்டி விழணும், தல தரையில படக்கூடாது. ஆயிரம் தடவ பாத்திருக்கேன். எவ்வளவு ஒசரத்துல இருந்து தள்ளுனாலும் அவரு கை விரியும். இதுக்கு விரியல. அதோட, அந்த ஒடம்ப எட்டு மாசமா நான்தான் பெரட்டிப் போட்டுக் கழுவுறேன். அவரு ஒடம்பு எதுன்னு எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சுக்கிட்டா நல்லா இருக்குன்னு சொல்லச் சொன்னீங்க? பொய் சொல்லச் சொல்லி வந்தீங்களா?

— அவருக்குத் தெரியாது. பாறையில அடிபட்டதுல அந்த நாளே அவருக்கு மங்கலாத்தான் நெனவு இருக்கு. தான்தான் விழுறோம்னு நெனச்சுக்கிட்டு அந்த எடத்தப் போன்ல பாக்குறாரு. ஒரு நாளைக்கு நாப்பது தடவ பாக்குறாரு தம்பி. என்னையக் கூப்புட்டு, "என் கழுத்து எப்படித் திரும்புது பாத்தியா"ன்னு கேப்பாரு. சூப்பரா இருக்குன்னு சொல்லுவேன். முதுக குடுத்து வாங்குனது அது ஒண்ணுதான். அதுவும் இல்லன்னா அவருக்கு என்ன இருக்கு?

— ஐயோ, இது அதவிடப் பெரிய கதடா சிறில்! "இல்லாத காட்சிக்காக முதுகை இழந்த மாஸ்டர்." ஒரு லட்சம் தாண்டும். ரெண்டு லட்சம்!

— தம்பி, அத மட்டும் செஞ்சிராதீங்க. அவரு செத்துருவாரு.

— அக்கா, உண்மையத்தானே சொல்லப் போறேன்.

— தம்பி, காலத் தொட்டுக் கேக்குறேன்...

— அக்கா, எந்திரிங்க! ஐயோ, எந்திரிங்க, தர பூரா சேறு. மதுரன், தூக்குடா அவங்கள!

— சிறில், எடுத்தியா? போன்ல எடுத்தியா அத?

— எடுக்கல. எடுக்கவும் மாட்டேன். ஒங்கம்மா வயசு இல்லன்னாலும் அக்கா வயசுடா. நீ அவங்களுக்கு ஒத்துக்கலன்னா நாளையில இருந்து நீயே பேசி நீயே எடுத்துக்க. நான் வரமாட்டேன்.

— சரிடா, சரிடா. எதுக்கு ரெண்டு பேரும் இப்படி... எந்திரிங்க அக்கா. பொம்மையப் பத்திப் பேசல. போதுமா? நல்லா விழுந்தாருன்னு சொல்றேன். ஆனா நாளைக்கு வர்றோம், புண்ணக் காட்டுறீங்க. அதுல மாத்தம் இல்ல.

— காட்டுறேன். என்ன வேணும்னாலும் காட்டுறேன். என்னால வந்தது தம்பி எல்லாம்.

— ஒங்களால எப்படிக்கா?

— அந்த ரெண்டாவது தடவ ஏறுறதுக்கு மின்னாடி எனக்குப் போன் போட்டாரு. "பிரேமினி, கயிறு சரியில்ல போல இருக்கு, பயமா இருக்கு, வந்துரவா?"ன்னாரு. அவரு வாயில பயம்ங்கிற வார்த்தைய அன்னிக்குத்தான் கேட்டேன். "ஊரு பூரா சொல்லி வச்சாச்சு, இப்ப திரும்பி வந்தா ஒங்கள யாரு ஆம்பளன்னு சொல்லுவா? பேசாம ஏறுங்க"ன்னுட்டேன். கொழுந்துக் கூடைய முதுகுல மாட்டிக்கிட்டே சொன்னேன். வெட்டியா ஒரு வார்த்த. ஒரு நிமிசம் யோசிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்.

— அவர்கிட்ட அதப் பத்திப் பேசுனீங்களா?

— எந்த வாயால பேசுறது? அவரும் கேட்டதில்ல. கேட்டு நாலு அடி அடிச்சா கூட ஆறும். அடிக்கக் கை இல்ல. அந்தப் படத்துல தம்பி, ஒருத்தன் விழுந்தான்னா அதோட கேமரா அடுத்த ஆளுக்குப் போயிருது. விழுந்தவன வீட்டுக்கு யாரு தூக்கிட்டுப் போனா, அவனுக்கு யாரு ஊட்டுறா, ஒண்ணும் இல்ல. அதத்தான் நீங்க விமர்சனத்துல சொல்லியிருக்கணும்.

— நல்ல பாயிண்ட்டுக்கா. நாளைக்கு கேமராவுல அதையும் சொல்லுங்க.

— சொல்றேன். இன்னொரு ஒதவி. நான் வீடு போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள ஒருக்கா அவருக்குப் போன் போட்டு, நல்லா விழுந்தீங்கன்னு நீங்களே சொல்லிருங்க. போனதும் சோறு ஊட்டலாம். நான் வந்தேன்னு மட்டும் சொல்லாதீங்க. நம்பரு இதுல எழுதியிருக்கு.

— சரி, போங்க. பஸ்ஸு கெளம்புற நேரம்.

— புண்ணியமாப் போகும் தம்பி. சிறில் தம்பி, ஒங்களுக்கும்.

— பாத்துப் போங்கக்கா, படி வழுக்கும்... போயிட்டாங்கடா. கொட இல்லாம, அந்தச் சேத்துச் சேலையோட ஓடுறாங்க. போடுடா போன, இப்பவே.

— போடுறேன்டா, கத்தாத. ஸ்பீக்கர்ல போடுறேன், கேளு... ஹலோ, அழகன் மாஸ்டரா? நான் மதுரன். அட்டன்ல இருந்து. விமர்சனம் சொல்லுவேனே...

— சொல்லுங்க தம்பி. குரலக் கேட்டா தெரியாதா? வெரலு ஒண்ணுதான், போன எடுக்கக் கொஞ்சம் நேரமாச்சு. மன்னிச்சுக்குங்க.

— பரவால்லண்ணே. நான் திரும்பவும் படம் பாத்தேன். அன்னிக்குச் சரியாப் பாக்காம சொல்லிட்டேன். நீங்க விழுந்தது ஏ-வன். கழுத்து திரும்புற அழகு, யாருக்கும் வராது. நாளைக்கு அத வீடியோவாவே போடுறேன்.

— பிரேமினி வந்தாளா?

— யாரு? இல்லண்ணே, யாரும் வரல.

— வந்தேன்னு சொல்லாதீங்கன்னு சொல்லியிருப்பா. பரவால்ல. அழுதாளா?

— ...அழுதாங்கண்ணே. நான் சிறில், இவரு கூட வேல செய்யிறேன். அக்கா ரொம்ப ஒடஞ்சு போயிருக்காங்க. நீங்க சாப்புடலன்னு...

— சாப்புடுறேனே தம்பி. அவ மலைக்குப் போனதும் பக்கத்துக் காம்பரா வீரம்மா ரொட்டி ஊட்டிட்டுப் போகுது. அவ ஊட்டுனாத்தான் எனக்கு எறங்காது. சரி, நீங்க பெரிய விமர்சகரு, அந்தப் பொம்ம எப்படி இருந்துச்சு? கொஞ்சம் மோசமாத்தான் செஞ்சிருக்கானுங்க, இல்ல? முழங்காலு முன்னுக்கு மடியுது.

— அண்ணே... ஒங்களுக்குத் தெரியுமா?

— விழ சொல்லிக்குடுத்தவன் நான். எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?

— அப்புறம் ஏன்ணே அக்காகிட்ட தெரியாத மாதிரி...

— பொறுமையா கேளுங்க. அந்தப் படத்துல பழிவாங்குறான் பாருங்க அந்தப் பையன், அவனுக்கு ஒண்ணும் தெரியல. நூறு பேர நூறு அடியில கொன்னுட்டான். செத்தவனுக்கு என்ன வலி? நான் தெனம் நாப்பது தடவ அவளக் கூப்புடுவேன். என் கழுத்து எப்படித் திரும்புதுன்னு கேப்பேன். சூப்பரா இருக்குன்னு சொல்லுவா. அதச் சொல்றதுக்குள்ள அவ தொண்ட ஒருக்கா ஏறி எறங்கும். அதத்தான் தம்பி பாக்குறேன், படத்த யாரு பாத்தா?

— வேணாம்ணே. அவங்க அன்னிக்குச் சொன்ன வார்த்தைய நெனச்சு நெனச்சு சாகுறாங்க. எங்ககிட்டச் சொல்லி அழுதாங்க.

— ஒங்ககிட்டச் சொன்னாளா? நல்லது. எங்கிட்ட இத்தன மாசமா ஒரு வார்த்த சொல்லல. வந்துரவான்னு கேட்டேன் தம்பி, நான்.

— போதும்ணே... நாளைக்கு நாங்க வந்து எடுத்து வீடியோவப் போட்டுருவோம். ஊரும் வாய மூடிக்கும். அதோட முடிஞ்சிரட்டும்.

— நாளைக்கு வராதீங்க தம்பி. மனசு மாறிருச்சுன்னு சொல்லி விடுங்க, அவ திரும்பவும் வந்து ஒங்க கால்ல விழட்டும்.